எந்தூட்டு ரத்தம்

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஏழு புதன்கிழமைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பொழுதைக் கழித்தும் நான் கேட்கவில்லை. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஊரை.

"ஏனுங் அம்மிணி, எந்தூருங்க?"

என் இடது கையில் ஊசி ஏறி, மருந்து சொட்ட ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. சேலத்தில் ஒரு மருத்துவமனையின் முதல் மாடி அது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கென்று நீளமாக ஓர் அறை, எட்டு சாய்வு நாற்காலிகள். எனக்கு வாரம் ஒரு ஊசி, பன்னிரண்டு வாரம். மூன்றாவது வாரம் அவருடைய மனைவி எனக்கு வலப்பக்க நாற்காலிக்கு வந்தார். அவர் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பொறந்த ஊரு ஜேடர்பாளையம் பக்கமுங்க. இப்ப நாமக்கல்," என்றேன்.

"ஜேடர்பாளையத்துல யாரூடுங்க?"

யார் வீடு என்று கேட்கிறார். கேட்பது வீட்டை அல்ல. எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னால் போதும். சாதி, குலம், காடுகரை எவ்வளவு, எந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறார்கள், எந்த ஊரில் எடுத்திருக்கிறார்கள் என்பதுவரை கேட்டவர் கையில் வந்துவிடும்.

"பெரியகாட்டுக்காரரு ஊடுங்க."

"அட, பெரியகாட்டுக்காரரு மகளா நீங்க! உங்கூட்டுக்கும் எங்கூட்டுக்கும் ஒரே கோயலுங்க. அப்ப நாம பங்காளிங்க. நீங்க எனக்குத் தங்கச்சி மொறை." மனைவியின் பக்கம் திரும்பினார். "பாரு, ஆஸ்பத்திரிக்கு வந்த எடத்துல தங்கச்சி ஒண்ணு கெடச்சுப்போச்சு."

அந்த அம்மாள் சிரித்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். நானும் அன்றிலிருந்து அப்படியே கூப்பிட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவது சரியில்லை. என் கணவருக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். என்னை மேலே கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே காரில் உட்கார்ந்திருப்பார். ஐந்து மணி நேரம் பேச்சுத்துணைக்கு ஒரு அண்ணன் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அவருக்குப் பரமத்தி வேலூர் பக்கம். கொடிக்கால் வைத்திருந்தார், இரண்டு ஏக்கர் வெற்றிலை. அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. இலை கிள்ளுவதற்கென்று வலது கட்டைவிரல் நகத்தை நீளமாக விட்டிருந்தார். மருத்துவருக்கு இரண்டு கவுளி வெற்றிலை கொண்டுவந்து, அந்தச் சின்ன வயதுப் பெண் அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தபோது, "எங்க கொடிக்கால்துங்க, நம்பிப் போடலாம்," என்றார். ஒரு வெற்றிலையைத் தொட்டால் அது யாருடைய கொடிக்கால் இலை என்று சொல்லிவிடுவாராம். புதிதாக நடுவதற்குக் கொடி வாங்கும்போது அந்தக் கொடிக்கால்காரர் யார், அவர் யாரிடம் வாங்கி நட்டார் என்று மூன்று தலைமுறை விசாரித்துவிட்டுத்தான் வாங்குவாராம்.

"எங்கிருந்து வருதுன்னு பாக்காம நட்டம்னு வைங்க, அம்மிணி, ஒரு கொடியில வேரழுகல் இருந்தாப் போதும். மொத்தக் கொடிக்காலும் ஒரு மழைக்குள்ள படுத்துக்கும்."

அது உண்மை. வெற்றிலைக்கு அது சரியான வழி. அதே வழியை அவர் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தார். தண்ணீர் அவர் கிணற்றிலிருந்து, எவர்சில்வர் தூக்கில். நாற்காலியில் விரிக்கும் துணி வீட்டிலிருந்து. மோர் அவருடைய மாட்டின் பால். ரத்தம் ஊறும் என்று நங்கையாவுக்கு ஆட்டுச் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, சுட்டுக் கொண்டுவருவார். அந்த ஆடு எந்தப் பட்டியில் வளர்ந்தது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் ஊட்டுவார். மருந்துக் கம்பெனியை மட்டும்தான் அவரால் விசாரிக்க முடியவில்லை. அதையும் ஒருநாள் செவிலியரிடம் கேட்டார், "இந்த மருந்து எந்தூர்ல காச்சறதுங்க?" என்று. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நங்கையாவுக்கு வலப்பக்கத்து நாற்காலியில் வாழப்பாடியிலிருந்து ஓர் அக்கா வருவார். ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் உரிக்கும் வேலை செய்தவர். ஐம்பது வயது, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அக்காவிடமும் அவர் கேட்டார்.

"ஏம்மா, நீ எந்தூரு?"

என்னிடம் 'நீங்க' என்றவர் அக்காவிடம் 'நீ' என்றார், பதில் வருவதற்கு முன்பே. அன்று நான் இதைக் கவனித்தேன். என் நாட்குறிப்பிலும் எழுதியிருக்கிறேன். கவனித்தேன் என்பதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

"வாழப்பாடி."

"வாழப்பாடியில யாரூடு?"

"என்னாத்துக்கு இம்மாந் தூரம் விசாரிக்கற? ஊட்ல பொண்ணு கிண்ணு வெச்சிருக்கியா, சம்மந்தம் பேச?"

செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பதில் வராததே அவருக்குப் பதிலாக இருந்தது. அடுத்த வாரம் நங்கையாவின் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டார். அக்காவுக்கு நங்கையாவின் முதுகுதான் தெரியும்.

நங்கையாவின் கணவர் ஃபிளாஸ்க்கில் முருங்கைக்கீரைச் சாறு கொண்டுவருவார், மிளகும் சீரகமும் போட்டு. இரண்டு தம்ளர்கள் எடுத்துவைப்பார். ஒன்று நங்கையாவுக்கு, ஒன்று எனக்கு. நான் புதன்கிழமைதோறும் அந்தச் சாற்றைக் குடித்தேன். ஒருநாள் அக்கா என்னிடம் சொன்னார்:

"வாசன மட்டும் இந்தாண்ட வந்துட்டே இருக்குது. அதுக்கும் ஒரு தட்டி கட்டச் சொல்லேன், உங்கண்ணன."

நான் சிரித்து வைத்தேன். தம்ளரைக் காலி செய்தேன்.

மருந்து நோயை மட்டும் அடிப்பதில்லை. ரத்தம் ஊறுகிற இடத்தையும் அடிக்கிறது. அது எப்படி இருக்கும் என்பதை நான் எழுதிவைத்திருக்கிறேன். தலை வாரும்போது இரண்டு முறை கையைக் கீழே போட்டு இளைப்பாற வேண்டும். படுத்தால் காதுக்குள் நாடி அடிப்பது கேட்கும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. மருத்துவமனை மாடிப்படி பதினெட்டு. முதல் வாரம் நிற்காமல் ஏறினேன், ஐந்தாவது வாரம் மூன்று இடத்தில் நின்றேன். அந்த வாரம் எனக்கு ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். கையெழுத்துப் போட்டேன், ஏற்றினார்கள், மாலையில் பதினெட்டுப் படியையும் நிற்காமல் இறங்கினேன். என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பதிலுக்கு ஒரு பை கொடுத்துவிட்டு வந்தார். வேறு யாருக்கோ அது போயிருக்கும்.

அன்று நங்கையாவின் கணவர் என் ரத்தப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எந்தூட்டு ரத்தமுங்க, அம்மிணி?"

"தெரியாதுங்கண்ணா. பையில நம்பர்தான் இருக்குது."

"நம்பர வெச்சு என்னத்தத் தெரிஞ்சுக்கறது," என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று எனக்குச் சாறு ஊற்றிக் கொடுக்கும்போது தம்ளரைக் கையில் தராமல் ஸ்டூலில் வைத்தார். தற்செயலாக இருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டேன்.

நான் கோழிப்பண்ணை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பதிவேடு எழுதுகிறவள். கூண்டு வரிசையில் நடந்துபோகும்போது எந்தக் கோழிக்குக் கொண்டை வெளுத்திருக்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். ஆனால் நங்கையாவின் உள்ளங்கை வாழைத்தண்டு நிறத்துக்கு வந்துவிட்டதை ஆறாவது வாரம்தான் கவனித்தேன். அன்று காலை எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு அவருடைய கணவரின் போனுக்கு வந்தது. ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு; பன்னிரண்டாவது இருக்க வேண்டும்.

மருத்துவர் வந்து, "இன்னைக்கு மருந்து கெடையாதும்மா, ரத்தம் ஏத்தணும்," என்றார். "பி பாசிட்டிவ் கீழ ரத்த வங்கியில இருக்குது. இப்ப ஆரம்பிச்சா சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம்."

"எந்தூட்டு ரத்தமுங்க?" என்றார் அவர்.

"என்னது?"

"யாரோடதுன்னு கேட்டனுங்க."

"யாரோ தானமாக் குடுத்ததுங்க. எல்லா டெஸ்ட்டும் பண்ணித்தான் வெச்சிருக்கோம்."

"டெஸ்ட்டுல நோய்தானுங்க தெரியும்."

மருத்துவருக்கு அது புரிய சிறிது நேரம் ஆனது. எனக்கு உடனே புரிந்தது. வாழப்பாடி அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும்; அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நங்கையாவின் தம்பிகளை வரச்சொல்லட்டுமா என்று அவர் மருத்துவரிடம் கேட்டார். உடன்பிறந்தவர்களின் ரத்தம் இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அபூர்வமாகக் கெடுதலாக முடிவதுண்டு, அதனால் தவிர்ப்போம் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "அப்ப என் பங்காளிகளக் கூட்டியாரனுங்க," என்றார். யார் கொடுத்தாலும் வங்கிக்குத்தான் போகும், இந்த அம்மாவுக்கு இருக்கிற பையைத்தான் ஏற்றுவோம், அதுவும் இன்றைக்கே ஏற்றுவது நல்லது என்று அந்தப் பெண் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆளோட வாரனுங்க."

பதினெட்டுப் படியில் நங்கையா இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். மருத்துவர் மறுநாளே வரச் சொல்லியிருந்தார். அவர்கள் வந்தது அடுத்த புதன்கிழமை. வெள்ளிக்கிழமை அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை ஒரு பங்காளி வீட்டில் காதுகுத்து, எல்லோரையும் சேர்க்க ஒரு வாரம் ஆகிவிட்டதாம். இந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கீழ்த்தளத்தில், குளிர்பெட்டிக்குள், பதினெட்டுப் படிக்குக் கீழே ரத்தம் இருந்தது. ஒரு பெண் ஒரு வாரம் மூச்சு வாங்கிக்கொண்டு ஆட்கள் சேர்வதற்காகக் காத்திருந்தார்.

வேனில் ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் அவருடைய பக்கம். நங்கையா பிறந்த குலத்தில் ஒருவர்கூட இல்லை. நம்ம ரத்தம், நம்ம ரத்தம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது நங்கையாவுக்கு எந்த வழியில் நம்ம ரத்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஏழு பேரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். ஒருவர் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர். ஒருவருக்கு வயது தாண்டிவிட்டது. ஒருவர் வரும் வழியில் தைரியத்துக்காகக் கொஞ்சம் குடித்திருந்தார். மூன்று பேர் கொடுத்தார்கள், நல்ல மனதோடு. ஆனால் மூவரில் ஒருவர் ரத்தம்கூட நங்கையாவின் பிரிவோடு சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் பரிசோதனை முடிய மறுநாள் ஆகும். இதை ரத்த வங்கி ஊழியர் மேலே வந்து செவிலியரிடம் சொன்னபோது, அவர் பங்காளிகளுக்குச் சாப்பாடு வாங்கித் தரக் கீழே போயிருந்தார்.

நங்கையா செவிலியரின் கையைப் பிடித்தார்.

"சிஸ்டர், அவரு கேட்டா எங்க பசங்க ரத்தமின்னே சொல்லிப்போடுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?"

"பொய்தான் சாமி. என்னால மூச்சு உட முடியலீங்க."

செவிலியருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவரைச் 'சாமி' என்று சொல்லி, நங்கையா கையை விடாமல் இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் சொல்லிப்போடாதீங்க, அம்மிணி." வாழப்பாடி அக்காவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அக்காவே சொன்னார், முதுகுக்குப் பின்னாலிருந்து:

"நான் எதுக்கு ஆயா சொல்லப் போறேன். உன் புருசன் என்னாண்ட பேசறதே இல்லியே."

நங்கையா நாற்காலியில் முழுதாகத் திரும்பி, முதல்முறையாக அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று காலையில் ஒரு பை, மதியம் ஒரு பை. அவர் திரும்பி வந்து பையைத் தொட்டுப் பார்த்தார். "நம்ம பசங்களுதுதானுங்களே?" என்றார். "ஆமாங்கய்யா," என்றார் செவிலியர், சொட்டு எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டு. மூன்று மணிக்கு நங்கையாவின் உதட்டில் நிறம் வந்தது. நகத்தில் வந்தது. மாலையில் எழுந்து தானாகக் கழிப்பறைக்கு நடந்துபோனார்.

"பாத்தீங்களா, அம்மிணி?" அவர் அறை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். "நம்ம ரத்தம்ங்கறது நம்ம ரத்தந்தானுங்க. ஒடனே ஒட்டிக்குது பாருங்க."

அடுத்த வாரமும் இதையே சொன்னார். புதிதாக வந்த நோயாளிகளிடமெல்லாம் சொன்னார், ஊரைக் கேட்டுவிட்டு. அவர் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் சாறு வாங்கிக் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். அக்காவைப் பார்க்காமல் குடிக்கப் பழகியிருந்தேன்.

ஒன்பதாவது புதன்கிழமை நங்கையாவுக்கு ஏழு புள்ளி ஒன்று. மறுபடியும் ரத்தம். "உங்க ஆளுங்க குடுத்ததே இன்னும் இருக்குதுங்கய்யா," என்று செவிலியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நங்கையாவின் கணவர் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடக் கீழே போனார். பை மேலே வந்து கம்பியில் தொங்கியது. குளிர் போவதற்காகக் காத்திருந்தார்கள். இன்னும் ஊசியோடு இணைக்கவில்லை.

நங்கையாவுக்கு நாக்கு வறண்டது. தூக்கை அவர் மறதியாக மருந்துச் சீட்டுப் பையோடு கீழே எடுத்துப்போயிருந்தார். அக்கா தன் பாட்டிலை நீட்டினார். நங்கையா வாங்கி, வாய் வைத்துக் குடித்தார். பாதி குடித்திருக்கும்போது அவர் உள்ளே வந்தார்.

அவர் கத்தவில்லை. பாட்டிலை நங்கையாவின் கையிலிருந்து எடுத்தார். அக்காவின் கையில் கொடுக்காமல், அவர் காலடியில் தரையில் வைத்தார். தூக்கிலிருந்து தண்ணீர் ஊற்றினார்.

"வாயக் கொப்புளி."

நங்கையா வாந்தி எடுக்கிற தட்டில் கொப்புளித்தார். கொப்புளிப்பதற்கே மூச்சு வாங்கியது.

"இன்னொருக்கா," என்றார். இரண்டாவது முறையும் கொப்புளிக்க வைத்தார். "உள்ள ஓடறது நம்ம ரத்தம். அதுல கண்டதையும் கொண்டுபோய்க் கலக்கலாமா?"

அக்கா குனிந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். மூடிய மூடியையே மறுபடி திருகிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன். "அண்ணா, அது உங்க ரத்தமில்லீங்க."

"என்னங்க அம்மிணி?"

"உங்க பசங்க மூணு பேரு ரத்தமும் சேரல. போன தடவை ஏத்துன ரெண்டு பையும் வேற யாரோடதோ. இப்பத் தொங்கறதும் அப்படித்தான். அது எந்தூட்டு ரத்தம்னு இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கும் தெரியாது. உங்க கெணத்துத் தண்ணியில கொப்புளிச்சாப் போவாதுங்க அது."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு அந்த வாரம் எட்டு புள்ளி நான்குதான். எப்படி மூச்சு வந்தது என்று தெரியவில்லை. கோபம் மட்டுமில்லை, சந்தோஷமாகவும் இருந்தது. ஆறு வாரம் குடித்த சாற்றை அவர் முகத்தில் திருப்பி ஊற்றியதுபோல இருந்தது.

அவர் செவிலியரைப் பார்த்தார். செவிலியர் என்னைப் பார்த்தார். அவர் மனைவியிடம் கேட்டார், "உனக்குத் தெரியுமா?" நங்கையா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க," என்றார் அவர்.

மருத்துவரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் அவரிடம் பேசவே இல்லை. நாற்காலிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து நங்கையாவிடம் மட்டும் பேசினார்.

"அம்மா, இது உங்க உடம்பு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் ஏத்திருவேன். சொல்லுங்க."

நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான், அக்கா, செவிலியர், எதிர் வரிசையில் நான்கு பேர், அவர்கள் கூட வந்தவர்கள். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாமல் ஒரு பொய்யைச் சொல்ல நங்கையாவுக்குத் தைரியம் இருந்தது. இத்தனை பேருக்கு முன்னால், அவர் முகத்துக்கு நேராக, 'சரி' என்று சொல்ல இல்லை. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஒருமுறையும் சொல்லியிருக்க மாட்டார். நங்கையாவுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பொய். அதைத்தான் நான் அடைத்தேன்.

"அவரு சொல்றாப்பலயே ஆகட்டுங்க," என்றார் நங்கையா.

அவர் துணியை மடித்தார், தூக்கை எடுத்துக்கொண்டார். போகும்போது என்னிடம், "பெரியகாட்டுக்காரரு மக இப்படிப் பேசும்னு நெனைக்கலீங்க," என்றார். அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். நங்கையா அவருக்குப் பின்னால் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து, என் நாற்காலியைப் பிடித்தபோது நின்றார்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமுங்க, அம்மிணி," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "பையி மாட்டற வரைக்குமாச்சும்."

செவிலியர் பையைக் கம்பியிலிருந்து இறக்கினார். குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதால் திரும்ப வைக்க முடியாது என்றார். யாரோ ஒருவர் எங்கேயோ படுத்துக் கொடுத்தது. கொட்டிவிடுவார்கள்.

"நீ சொன்னதுல தப்பு இல்ல," என்றார் வாழப்பாடி அக்கா. பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டு, "ஆனா எனக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காத. நான் கேக்கல," என்றார்.

பத்தாவது புதன்கிழமை அந்த நாற்காலிக்கு வேறொருவர் வந்தார்.

செய்தி எங்கள் கோயில் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. என் தம்பி எனக்கு அனுப்பினான். பெயர் போடவில்லை, இன்னார் வீட்டு அம்மாள், பரமத்தி வேலூர், கொடிக்கால்காரர் மனைவி என்றுதான் போட்டிருந்தது. வீட்டில் மூச்சு முட்டி நாமக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே நான்கு புள்ளி இரண்டு. உடனே ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இருதயம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் என் கணவரோடு துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், சவரம் செய்யாமல். வேனில் வந்த ஏழு பேரில் ஐந்து பேர் அங்கே இருந்தார்கள்; ரத்தம் கொடுத்த மூவரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி," என்றார். நாற்காலி போடச் சொன்னார். காபி வந்தது.

புதிதாக வந்த ஒரு பெரியவர், நன்றாகத்தானே இருந்தார் என்று கேட்டார்.

"நல்லாத்தானுங்க இருந்தா," என்றார் அவர். "இவனுங்க மூணு பேரு ரத்தம் ஏறுன அன்னைக்கு மொகத்தப் பாத்திருக்கோணும் நீங்க. கண்ணாலத்தன்னைக்கு இருந்தாப்பல இருந்தா. நாமக்கல்ல என்னையக் கேக்காமக் கொள்ளாம வெளி ரத்தத்த ஏத்துனாங்க. விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

மூவரில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இந்த அம்மிணி பக்கத்துலயேதான் இருந்துச்சு," என்றார் அவர், என்னைக் காட்டி. "வேணும்னாக் கேட்டுப்பாருங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவரும் திரும்பினார். அவருக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டார். ஏழு புதன்கிழமைகளில் எத்தனையோ கேள்வி கேட்ட அந்த மனிதர், பதிலுக்காக இப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"ஆமாங்கண்ணா," என்றேன். "மொகம் நல்லாத்தான் இருந்துச்சு."

காபியைக் குடித்து முடித்தேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. எழுந்தபோது காது இரைந்தது, பந்தல்கால் இரண்டாகத் தெரிந்தது. ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் எழுந்து, "பாத்து அம்மிணி," என்று கையை நீட்டினார். அதைப் பிடிக்காமல் கார்வரை நடந்தேன்.